சம்பந்தமில்லாத பேச்சு

மூன்றாம் நம்பர் இணைப்பின் பச்சைப் புள்ளி அணையாமல் இருப்பதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் நில்சா கவனித்தாள். காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்திருக்கலாம், யார் பார்த்தார்கள்? அந்த இணைப்பை ஒட்டுக்கேட்கக் கோர்ட் கொடுத்த உத்தரவு முடிந்துவிட்டது. வழக்கு முடிந்த மாதிரிதான், போதைச் சரக்கு விற்ற பாப்போ ஜெயிலில் இருக்கிறான். தொலைபேசி இருந்த மலைவீட்டுக்குப் புயல் போன பிறகு இன்னும் மின்சாரமே வரவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் இணையத் தொலைபேசி எப்படி வேலை செய்யும்? மோடம் என்ன, காற்றைக் குடித்தா உயிர் வாழும்? ஆனாலும் திரையின் ஓரத்தில், அந்தப் பக்கம் யாராவது பேசும்போது மட்டும் எரிய வேண்டிய அந்தச் சின்னப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

விரலால் திரையைத் துடைத்துப் பார்த்தாள். புள்ளி அங்கேயே இருந்தது. ஏசி வழக்கம்போல எலும்பு வரை குளிரை ஏற்றிக்கொண்டிருந்தது. பழைய கம்பளத்தின் ஈர வாடை, சுடவைத்துச் சுடவைத்துக் கசந்துபோன காபியின் வாடை, அட்டைப்பெட்டிகளை ஒட்டும் டேப்பின் பசை வாடை எல்லாம் சேர்ந்து, வெளியே ப்வெர்த்தோ ரிக்கோத் தீவின் தலைநகரமான சான் ஹுவானில் வெயிலா மழையா என்றுகூடத் தெரியாத அந்த ஜன்னலில்லாத அறையில் தேங்கி நின்றன. மற்ற மேசைகளெல்லாம் காலி. அறையை மூடிவிட்டு மேல்மாடிக்குப் போகிறார்கள். மிச்சம் இருந்தது நில்சாவின் மேசையும், அவளுடைய மேலதிகாரி எஃப்ராயினும், அவன் கட்டிக்கொண்டிருந்த பெட்டிகளும்தான்.

"எஃப்ராயின், மூணாம் நம்பர் இன்னும் எரியுது."

"எரியட்டுமே. கரண்ட் பில்லு நீயா கட்டப்போற?"

"கம்பெனிக்காரன் நிறுத்தலையா?"

"நிறுத்தி ரெண்டு நாளாச்சு. மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். இந்தப் பெட்டிய மேல வெச்சிட்டு வந்து நானே பிடுங்குறேன். நீ அதைப் பாத்துக்கிட்டு உக்காராத, வீட்டுக்குப் போற வழியப் பாரு."

பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவன் போனான். கனமான கதவு தானாகவே மெல்ல மெல்லச் சாத்திக்கொண்டது. நில்சா ஹெட்போனைத் தொடவில்லை. உத்தரவு முடிந்த இணைப்பைக் கேட்பது குற்றம். விதியென்றால் அவளுக்கு விதிதான்.

அவளுடைய வேலையே விதியால் ஆன வேலை. ஒட்டுக்கேட்பவர் எல்லாவற்றையும் கேட்டுவிடக் கூடாது. குற்றத்தோடு சம்பந்தப்பட்ட பேச்சை மட்டும்தான் கேட்கலாம். பாப்போ சரக்கு விலை பேசினால் கேட்கலாம், அவன் பெண்டாட்டி சமையல் பேசினால் கேட்கக் கூடாது. பேச்சு எதைப் பற்றியது என்று தெரிய ஆரம்பத்தில் கொஞ்சம் கேட்டுக்கொள்ள அனுமதி உண்டு. சம்பந்தமில்லை என்றால் பொத்தானை அழுத்த வேண்டும். டக். ஒலி நின்றுவிடும், பதிவும் நின்றுவிடும். இதற்கு அவர்கள் வெட்டுவது என்று பெயர் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அழுத்தி எட்டிப்பார்க்கலாம். இன்னும் சமையல்தானா? டக். வெட்டு. அந்தக் கட்டடத்திலேயே நில்சாவைப் போல வெட்டுபவர் கிடையாது. எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் கோர்ட்டில் ஒரு நாள் முழுக்க அவளுடைய பதிவுகளைக் கிளறிப் பார்த்தும், கூடுதலாக ஒரு வாக்கியம் கேட்டாள் என்று காட்ட முடியவில்லை. அதில் அவளுக்குப் பெருமை. இருக்கத்தானே செய்யும்?

அப்படித்தான் சுலெய்காவை அவளுக்குத் தெரியும், துண்டுதுண்டாக. பாப்போவின் பெண்டாட்டி. ஹயூயா மலையில் தனி வீடு. ப்ளோரிடாவில் கிஸிம்மியில் இருக்கும் அக்கா மரிலூவோடு பேசுவதற்காகவே வாங்கிய இணையத் தொலைபேசி, கூரைமேல் ஒரு ஆன்டெனா. நாள் முழுக்க அக்காவும் தங்கையும் பேசுவார்கள். துவரைச் சோற்றுக்குத் தாளிப்பது வரை நில்சாவுக்குத் தெரியும், இறக்குவது தெரியாது. நகைச்சுவைகளின் ஆரம்பம் தெரியும், முடிவு தெரியாது. திடீரென்று திறந்தால் இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள், எதற்கென்று தெரியாமலே இவளும் இந்தக் குளிரறையில் புன்னகைத்துவிட்டு வெட்டுவாள். சுலெய்காவுக்கு இளைப்பு உண்டு. சிரித்து முடித்ததும் நெஞ்சுக்குள் ஒரு சீழ்க்கை கேட்கும். ஒரு மாதத்தில் அந்த மூச்சை ஆயிரம் மூச்சுக்கு நடுவே அடையாளம் சொல்லும் அளவுக்கு நில்சாவுக்குப் பழகிப்போனது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். இணையத் தொலைபேசி விற்கும் கம்பெனிகளுக்கு, தீவை ஆளும் வாஷிங்டன் அரசாங்கம் இரண்டு கட்டளை போட்டிருந்தது. ஒன்று, ஆபத்தென்று யாராவது 911 அழைத்தால், அவர்கள் எங்கே இருக்கிறார்களோ அந்த ஊர் ஆம்புலன்ஸுக்கு அது போய்ச்சேர வேண்டும். மற்றது, கோர்ட் உத்தரவைக் காட்டினால் அரசாங்கத்துக்குக் காது கொடுக்க வேண்டும். காதை உடனே கொடுத்துவிட்டார்கள், அட்டகாசமாக, தும்மினால்கூடத் தெளிவாகக் கேட்கும்படி. ஆம்புலன்ஸ் விஷயத்துக்கு மட்டும், விலாசத்தைப் பதிவு செய் என்று வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டர் தெருப்பெயர் கேட்டது, கதவு எண் கேட்டது. ஹயூயா மலையில் ஏது தெரு, ஏது எண்? 144ஆம் சாலையில் இரும்புப் பாலம் தாண்டி உள்ளே ஏறினால் நீலத் தண்ணீர்த்தொட்டி வைத்த வீடு. தபால்காரருக்கு இது போதும், கம்ப்யூட்டருக்குப் போதவில்லை. விற்றவன், "யாராச்சும் ஒருத்தர் அட்ரஸக் குடுங்கம்மா, சும்மா ஒப்புக்குத்தான்" என்றானாம். தீவில் பாதிப் பேர் ஏதாவது ஒரு விண்ணப்பத்துக்காகக் காகிதத்தில் ப்ளோரிடாவில் சொந்தக்காரர் வீட்டில் குடியிருப்பவர்கள்தானே. சுலெய்காவும் அக்கா விலாசத்தைக் கொடுத்துவிட்டாள்.

"கம்பெனிக் கணக்குல நான் இப்ப உன் வீட்லதான் இருக்கேன் அக்கா, வாடகை கேட்டுடாத!" என்று சுலெய்கா சொன்னதையும், "இருடி இரு, இருக்கிறதுதான் இருக்க, வந்து பாத்திரத்தையாவது கழுவு" என்று மரிலூ சொன்னதையும் நில்சா எட்டிப்பார்த்த ஒரு துண்டில் கேட்டாள். சிரித்தாள். வெட்டினாள்.

போன வாரம், புயலுக்கு மறுநாள், மூன்றாம் நம்பர் எரிந்தது. மலை முழுக்க மின்சாரம் இல்லை, செல்போன் கோபுரங்கள் விழுந்துவிட்டன, பாப்போ ஊரில் இல்லை. சுலெய்கா ஜெனரேட்டரைப் போட்டிருந்தாள். அதன் உறுமல் பின்னால் இடைவிடாமல் கேட்டது. மழைக்குப் பயந்து அதைச் சமையலறை வாசலுக்கே இழுத்து வைத்திருந்தாள் போல, பேச்சுக்கு நடுவே புகைக்கு இருமினாள். கிஸிம்மியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மரிலூ ஓட்டலில் படுக்கை விரிக்கிற வேலையில் இருப்பாள், போன் அலமாரியில் பூட்டியிருக்கும்.

"அக்கா... வீசிங் வந்துடுச்சு... பம்பு காலி... நீ வந்ததும் கூப்பிடு" என்று செய்தி விட்டாள். சம்பந்தமில்லாத பேச்சு. டக்.

மறுபடி திறந்தபோது சுலெய்கா 911ஐ அழைத்திருந்தாள், அங்கிருந்து ஒரு ஆண்குரல் பேசியது. ஆங்கிலத்தில், நிதானமாக, பயிற்சி கொடுத்து வரவழைத்த அன்போடு.

"வண்டி உங்க வாசல்லயே நிக்குது மேடம். கதவைத் தட்டுறாங்க. உங்களால எழுந்து திறக்க முடியுமா?"

"என் வாசல்ல... யாருமே இல்லையே."

"அங்கதான் இருக்காங்க மேடம். தட்டிக்கிட்டே இருக்காங்க."

"மழைதான் இருக்கு. நான்... ப்வெர்த்தோ ரிக்கோல..."

கிஸிம்மியில் பூட்டிக்கிடக்கும் ஒரு வீட்டுக் கதவை நாலு பேர் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இங்கே ஒருத்தி தன் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டும் தெரிந்தவள் உலகத்திலேயே நில்சா ஒருத்திதான்.

"எஃப்ராயின்! ஹயூயா ஆம்புலன்ஸுக்கு ஒரு போன் போடுங்க. நான் வழி சொல்றேன். செத்துடுவா."

எஃப்ராயின் இரண்டாவது ஹெட்போனை மாட்டிக் கேட்டான். முகம் சுருங்கியது. கல்நெஞ்சக்காரன் என்று சொல்ல முடியாது, பயந்தவன். "அங்க இருந்து யாருமே கூப்பிடாம ஆம்புலன்ஸ் போய் நின்னா பாப்போவுக்குத் தெரியாதா, போன்ல ஆள் இருக்குன்னு? எட்டு மாச வேலை நில்சா. அரசு வக்கீல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குறேன்." கேட்டான். வக்கீல் கூட்டத்தில் இருந்தார், போனை எடுக்கவில்லை. "இது கேஸுக்குச் சம்பந்தமில்ல. நீ வெட்டு. நான் மறுபடி பாக்குறேன்" என்றான் எஃப்ராயின்.

அவள் எழுந்திருக்கலாம். அவளுடைய செல்போன் வெளியே நடைவழியில் பெட்டியில் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஒட்டுக்கேட்டதை வெளியே சொன்னால் வேலை போகும், சிறைகூட உண்டு என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கில்லை. அவள் வெட்டினாள்.

திறந்தாள். மூச்சு. வெட்டினாள். திறந்தாள். மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே நீளமான இடைவெளி, அதில் ஜெனரேட்டர். அந்த நிதானமான குரல் இப்போது இல்லை. "யாராச்சும் கேக்குறீங்களா? பாப்போ சொல்லுவான்... நீங்க கேட்டுக்கிட்டேதான் இருப்பீங்கன்னு..." கை பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்தியது. டக். அழுத்திய பிறகுதான் தன்னிடம்தான் பேசினாள் என்று நில்சாவுக்கு உறைத்தது. உடனே திறந்தாள்.

"...கோழிக்கூண்டுக்குக் கீழ. எல்லாச் சரக்கும் அங்கதான். பாப்போவோடதுதான். எடுத்துக்கங்க. இப்பவாச்சும் வாங்க."

எஃப்ராயின் மேசையை ஓங்கித் தட்டினான். கூட்டத்தில் இருந்த அரசு வக்கீல் முதல் மணியிலேயே எடுத்தார். போலீஸ் ஜீப்புகள் கிளம்பின. புயலுக்குப் பிறகும் மலைக்குப் போகும் மேல்சாலை திறந்துதான் இருந்ததாம். "ஆம்புலன்ஸும்!" என்று நில்சா கத்தினாள். "ஆமா, ஆமா, அதுவும் வரும்" என்றான் எஃப்ராயின். "நீ இப்ப வெட்டாத. இப்ப சம்பந்தம் இருக்கு. கடைசி வரைக்கும் கேளு, வேற ஏதாச்சும் சொல்லுவா."

கடைசி வரைக்கும் கேட்டாள். சுலெய்கா வேறெதுவும் சொல்லவில்லை. மூச்சு நின்ற பிறகும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, பெட்ரோல் தீரும் வரை ஓடியது. பிறகு புள்ளி அணைந்தது. ஜீப்புகள் போய்ச்சேர்ந்தபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி இருந்தாளாம், மடியில் ரிசீவர். கோழிக்கூண்டுக்குக் கீழே எல்லாம் அவள் சொன்னபடியே இருந்தது. அடுத்த நாள் ஆபீசில் கேக் வெட்டினார்கள். பெரிய துண்டு நில்சாவுக்கு. அதை அவள் சாப்பிட்டாள் என்பதுதான் கொடுமை.

இப்போது அந்தப் புள்ளி எரிகிறது.

எஃப்ராயின் இன்னும் திரும்பி வரவில்லை. ஏசியின் இரைச்சலுக்கு அடியில் இன்னொரு இரைச்சல் இருப்பதுபோல அவளுக்குத் தோன்றியது. தலையைச் சாய்த்துக் கேட்டாள். மேசைமேல் கவிழ்ந்துகிடந்த ஹெட்போனிலிருந்துதான் வந்தது. மெல்லிய, இடைவிடாத, அடித்தொண்டையில் உறுமுவது போன்ற ஓசை. இப்போது அறையில் பெட்ரோல் வாடையும் அடித்தது. டேப்பின் பசைதான், வேறென்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாக்கில் படியும் புகையைப் பசை என்று எவ்வளவு நேரம் சொல்லிக்கொள்ள முடியும்?

ஹெட்போனை மாட்டினாள்.

"வண்டி உங்க வாசல்லயே நிக்குது மேடம்."

பதிவுதான். பழைய பதிவு எப்படியோ ஓடுகிறது. நெஞ்சு கொஞ்சம் இறங்கியது. பதிவு என்றால் அடுத்து, யாருமே இல்லையே, என்பாள்.

"யார் அது?" என்றாள் சுலெய்கா.

நில்சாவின் விரல் தானாகவே இறங்கியது. டக்.

நிசப்தம். ஏசி மட்டும். இப்படி ஒரு வார்த்தை அன்றைக்கு இல்லை. இவள் வெட்டிய துண்டுகளில் இருந்திருக்கலாம், ஆனால் வெட்டியதைத்தான் மிஷின் பதிவே செய்யாதே. புள்ளியைப் பார்த்தாள். எரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப்பார்த்தாள். மூச்சு மட்டும் கேட்டது. அன்றைக்குக் கடைசியில் கேட்ட மூச்சு, நூலாக. பயத்தில் மறுபடி வெட்டினாள். மறுபடி திறந்தபோது மூச்சு இல்லை. ஜெனரேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"வேணாம்" என்று வாய்விட்டுச் சொன்னாள். ஒட்டுக்கேட்பில் இந்தப் பக்கத்துக் குரல் அந்தப் பக்கம் போகாது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அவள் வெட்டினாள், திறந்தாள்.

"வண்டி உங்க வாசல்லயே நிக்குது மேடம்."

முதலிலிருந்து.

இந்த முறை அவள் பொத்தானுக்கு மேலிருந்து கையை எடுத்துவிட்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கேட்டாள். மூச்சு வந்தது. சீழ்க்கை, இடைவெளி, சீழ்க்கை. அன்றைக்கு நின்ற இடத்தைத் தாண்டியும் வந்தது. எண்ணெய் தீர்ந்துபோகிற விளக்கை உள்ளங்கையால் மறைத்துக் காப்பதுபோல நில்சா அசையாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்கிற வரைக்கும் அவள் இருந்தாள். வெட்டினால் போய்விடுவாள். இவ்வளவுதான் விஷயம். பச்சைக்குழந்தைக்குக்கூடப் புரியும். அன்றைக்கு இது யாருக்கும் தோன்றவில்லை.

"இருக்கியா?" என்றாள் சுலெய்கா.

"இருக்கேன்" என்று நில்சா அழுதாள். "இருக்கேம்மா. நான் எங்கயும் போகல."

"ஆள் அனுப்பு."

சுவரில் அறைக்குப் பொதுவான தொலைபேசி இருந்தது. ஹயூயா ஆம்புலன்ஸ் நம்பர் அவளுக்கு மனப்பாடம், ஒரு வாரமாக ராத்திரியெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். எழுந்தாள். ஹெட்போன் வயர் இழுத்தது. எட்டவில்லை. கையை நீட்டினாள், விரல் நுனிக்கும் ரிசீவருக்கும் நடுவே ஒரு சாண். ஹெட்போனைக் கழற்றினால் எட்டும். கழற்றினால் கேட்க முடியாது. மூச்சு மெலிந்தது. பதறிப்போய் மேசைக்கே திரும்பினாள். மூச்சு கொஞ்சம் தேறியது.

கதவு திறந்தது. எஃப்ராயின்.

"இன்னும் போகலையா நீ?"

"போன் போடுங்க! ஹயூயாவுக்கு! உயிரோட இருக்கா. அன்னிக்குத்தான் போடல, இப்பவாச்சும் போடுங்க."

அவன் அவளையே பார்த்தான். மெல்ல நடந்து வந்து இரண்டாவது ஹெட்போனைக் காதில் வைத்தான். வெகுநேரம் கேட்டான்.

"ஒண்ணுமே இல்ல நில்சா."

"சரியாக் கேளுங்க."

"காத்து மாதிரி இரையுது, அவ்வளவுதான். நீ அழுததுல முகமெல்லாம் எப்படி வீங்கியிருக்கு பாரு. எனக்கு மட்டும் என்ன, அன்னிக்கு ராத்திரி தூக்கமா வந்துச்சு? விட்டுடு. வீட்டுக்குப் போ."

"வயரத் தொடாதீங்க."

"நில்சா."

"தொடாதீங்க! கை வெச்சீங்கன்னா அவ செத்துடுவா!"

அவன் குனிந்தான். குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குகிற மாதிரி, நிதானமாக, ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

புள்ளி அணைந்தது. இரைச்சல் நின்றது. பெட்ரோல் வாடை நின்றது. காதுக்குள் அப்படி ஒரு அமைதி. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு கணம் நில்சாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அப்பாடா என்று நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டாள்.

உள்ளே இழுத்தாள். வரவில்லை.

மறுபடி இழுத்தாள். வாய் திறந்திருந்தது, நெஞ்சு ஏறியது, காற்று மட்டும் வரவில்லை. எஃப்ராயின் திரும்பி நின்று வயரைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

டக்.

ஒன்றுமில்லை. இருட்டுகூட இல்லை. ஒன்றுமே இல்லை.

டக்.

எஃப்ராயின் கதவருகில் நின்றான். யாரிடமோ போனில் பேசினான். "...போயிட்டா போல சார். சொல்லாமக்கூட..." மேசைமேல் வயர் சுருண்டிருந்தது. அவள் அதே நாற்காலியில் இருந்தாள். கை நீட்டியபடியே இருந்தது. காற்று இன்னும் வரவில்லை. நான் இங்கதான் இருக்கேன்.

டக்.

டக்.

விளக்கு அணைந்திருந்தது. ஏசியின் சின்னச் சிவப்பு வெளிச்சம். கதவு பூட்டியிருந்தது. யாரோ பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே நடைவழியில் போனார்கள். அவளுடைய பெயர்தான்.

டக்.

டக்.

கம்பளம் இல்லை. சுவரில் புதுப் பெயின்ட் வாடை. நீட்டிய விரல்களின்மேல் தூசி.

டக்.

டக்.

வெளிச்சம். புது மேசைகள். எதிரே ஒரு பெண். சின்ன வயது. குளிருக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, புருவத்தைச் சுருக்கி, நில்சாவை நேராகப் பார்த்தாள். பார்க்கவில்லை. கேட்டாள்.

கேட்கிறாள்.

நெஞ்சின் அடியில் ஒட்டியிருந்த கடைசிக் காற்று. அதில் என்ன சொல்வது? பெயரா? இடமா? ஏதாவது காட்டிக்கொடுத்தால் வருவார்கள். காட்டிக்கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

"இங்க... நான்..."

அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கின. பாவம், நல்ல பெண்தான். பக்கத்து மேசைப் பக்கம் திரும்பினாள்.

"யாரோ பொம்பளை சார். மூச்சு விட முடியாமக் கிடக்கா."

"நம்ம கேஸுக்குச் சம்பந்தம் உண்டா?"

அவள் மறுபடி கேட்டாள். கவனமாக, விதிப்படி, கொஞ்சமே கொஞ்சம்.

"இல்ல சார்" என்றாள். மருதாணிச் சிவப்பில் நகப்பூச்சுப் பூசிய அவள் விரல் பொத்தானை நோக்கி இறங்கியது.